தானே போகிற வியாதி

முதலில் வந்தது ஒன்றே ஒன்றுதான். இடது விலாவில், ரவிக்கை முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, நீள்வட்டமாக ஒரு ரோஸ் நிறத் தடிப்பு. ஓரத்தில் மெல்லிய செதில். வலி கிடையாது. அரிப்பும் பேருக்குத்தான். குளிக்கும்போது சோப்பு பட்டால் மட்டும் லேசாகக் காந்தும். இதைப் பற்றி உட்கார்ந்து எழுதப்போகிறாய் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எனக்குப் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு மருந்துக் கடை இருக்கிறது. காட்டக்கூடிய இடமில்லை என்பதால் கடைக்காரரிடம் வாயால் விவரித்தேன். பாதி சொல்வதற்குள் ஒரு ட்யூப் மேஜைக்கு வந்துவிட்டது. "படர்தாமரைங்க. ரெண்டு நேரம் போடுங்க, ஓடிப் போயிரும்" என்றார். எனக்குப் பின்னால் நின்ற பீகார்க்காரத் தொழிலாளி முழங்கையைக் காட்டினார். அவருக்கும் அதே ட்யூப். அதற்கும் பின்னால் நின்றவருக்குக் கால் வெடிப்பு. அவருக்கும் அதேதான். அந்தக் கடையைப் பொறுத்தவரை மனிதத் தோலுக்கு வரக்கூடிய வியாதி ஒன்றுதான் போலும். சொன்னபடி பூசினேன். ட்யூப் தீர்ந்தது, தடிப்பு அப்படியே இருந்தது.

ஐப்பசி மாதம் அது. தை மாதக் கடைசியில் என் தம்பிக்குக் கல்யாணம்.

இந்தக் கல்யாணத்தின் அருமை தெரிய வேண்டுமானால் எங்கள் கிழக்குப் பாலக்காட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவனுக்குப் பெண் தேடிப் பார்த்திருக்க வேண்டும். தென்னை இருக்கிறது, நெல் வயல் இருக்கிறது, போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது என்று தரகர் மூச்சுவிடாமல் சொல்வார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெண் வீட்டார் ஒன்றே ஒன்று கேட்பார்கள்: "பையன் கம்பெனி வேலைக்கு ஏதும் போறாருங்களா?" சொந்தமாகத் தோட்டம் வைத்திருப்பவன் வேண்டாம், யாருடைய கம்பெனியிலோ ராத்திரி ஷிப்ட் பார்ப்பவன் வேண்டும். இப்படியே பார்த்துப் பார்த்துத் தம்பியின் நெற்றி பின்வாங்கிக்கொண்டே போனது. அவனுக்கு ஜாதகம் பார்த்த ஜோசியர் அதற்குள் மாடி எடுத்துவிட்டார். கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டில் சரியென்றார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அம்மா மாட்டுக்குக்கூட வெல்லம் கொடுத்தாள்.

நான் அவனுக்கு மூத்தவள். எனக்குத் திருப்பூரில் ஒரு கணவர் இருக்கிறார். அவர் அங்கே, நான் இங்கே, பல வருஷமாக. காரணத்தைச் சொன்னாலும் எங்கள் சொந்தக்காரர்கள் கேட்கப்போவதில்லை. அவர்களிடம் என்னுடையதைவிடச் சுவாரசியமான கதைகள் இருக்கின்றன. விவாகரத்து இல்லை, கழுத்தில் தாலி இருக்கிறது, பட்டியலிட்டுக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவர்களுக்கு இருந்த பெரிய சிரமம்.

ஏனென்றால் எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், மணவறையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் முதலில் உட்காருவது பெண் இல்லை, மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள். அவளுக்குப் பட்டுச்சேலை கட்டி, நகை போட்டு, அவனுக்கு இணையாக உட்கார வைத்து, கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடமும் மறுமுனை இவளிடமும் இருக்கச் சீர் செய்வார்கள். நாளைக்கு ஒருத்தி வந்துவிட்டாலும் இந்த வீட்டில் உனக்குள்ள உரிமை போய்விடாது என்று ஊருக்கு முன்னால் சொல்கிற சடங்கு அது. புருஷன் வீட்டை விட்டு வந்து பிறந்த வீட்டில் இருக்கிற ஒருத்திக்கு அந்தச் சேலை முனை என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான் அங்கே உட்கார ஆசைப்பட்டேன். வேறு எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதாக நினைவில்லை.

கல்யாணம் முடிவான அன்றே பேச்சு ஆரம்பித்தது. "அவ அங்க பொழைக்காம வந்தவ, அவளப் போய் உக்கார வெச்சா..." என்று ஒரு பங்காளி வீட்டுப் பெண் இழுத்தாள். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறினான். "என்ற அக்காதான் உக்காரோணும். இல்லீனா சீரே வேண்டாம்" என்றான். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

கார்த்திகை பிறந்த கையோடு ஒரு நாள் காலை பார்த்தால் முதுகு, வயிறு, தோள், மேல்கை என்று சின்னச் சின்னதாகப் பூத்துக் கிடக்கிறது. முதல் தடிப்பு அனுப்பிய அழைப்பிதழ் போய்ச் சேர்ந்து சொந்தபந்தமெல்லாம் வந்திறங்கிவிட்டது. அம்மா பதறிப்போய் என் முதுகை ஃபோனில் படமெடுத்தாள். கோயம்புத்தூரில் இருக்கும் என் பெரியப்பா மகளுக்கு அனுப்பிக் கேட்கலாம் என்பது திட்டம். ஆனால் அம்மாவுக்கு வாட்ஸ்அப் என்றால் சொந்தக்காரர் குழுதான், தனியாக ஒருவருக்கு அனுப்ப வராது. ஆகவே ரோஜாப்பூப் போட்ட ஒரு காலை வணக்கத்துக்கும், யாரோ வீட்டு எருமை கன்று போட்ட செய்திக்கும் நடுவில் என் முதுகு போய் உட்கார்ந்துகொண்டது.

பதில்கள் வந்து கொட்டின. உடம்புச் சூடு என்றார் ஒருவர். பூரான் ஏறியிருக்கும் என்றார் இன்னொருவர். வெளிநாட்டில் இருக்கிற ஒரு மாமா நாய் வளர்க்கிறீர்களா என்று விசாரித்தார். ஒருவர் கைகூப்பினார். எதையும் திறந்து பார்க்கும் பழக்கமில்லாத ஒரு சித்தப்பா 'வாழ்த்துக்கள்' என்று போட்டார். ஐயோ, என் முதுகே!

ஃபோன் சூடு ஆறுவதற்குள் பெரியம்மா வந்துவிட்டார். அப்பாவின் அண்ணன் மனைவி. பக்கத்துத் தோட்டம். அப்பா போனபிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே தலைமேல் போட்டுக்கொண்டவர். கோயம்புத்தூர்க்காரி அவருடைய மகள்தான். எனக்கு அடுத்தபடி இணைச்சீரில் உட்காரும் உரிமை அவளுக்கு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரியம்மா கண்ணாடி போடாமலே என் கையைப் பார்த்தார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்திருக்கறா. முத்தப் பாரு, என்னமா எறங்கியிருக்குது!"

"பெரிம்மா, காச்சல் இல்ல, ஒண்ணுமில்ல. அம்மைன்னா தண்ணி கோக்காதா? இது தட்டையா இருக்குது" என்றேன்.

"அப்பிடியெல்லாம் பேசாத அம்மிணி. அவ காதுல உழுகும்."

வாசலில் வேப்பிலை ஏறியது. என்னை வேப்பிலை மேல் படுக்க வைத்தார்கள். வீட்டில் தாளிப்பு நின்றது, கறி நின்றது. அம்மை கண்ட வீட்டிலிருந்து ஒன்றும் வெளியே போகக்கூடாது என்பதால் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுவதும் நின்றது. இரண்டு மாட்டுப் பால். திரட்டுப்பால் கிளறலாம் என்றால் கிண்டக் கிளறக் கூடாது. தயிராக்கி யாருக்காவது கொடுக்கலாம் என்றால் கொடுக்கக் கூடாது. ஆத்தாளின் அருளால் அந்த நாட்களில் கன்றுக்குட்டிகள் இரண்டும் உருண்டு திரண்டு வளர்ந்தன.

"மூணு தண்ணி வாத்த பொறகுதான் கலியாணப் பேச்செல்லாம். அது வரைக்கும் ஆரும் வரப்படாது, ஆரும் போகப்படாது" என்று பெரியம்மா சட்டம் போட்டார். சட்டம் போட்டு முடிக்கவில்லை, தரகர் ஃபோன் செய்தார். வியாழக்கிழமை பெண் வீட்டார் ஊடு பார்க்க வருகிறார்களாம். பெண்ணின் தாய்மாமனும் வருகிறாராம். கொஞ்சம் சந்தேகப் பேர்வழியாம், ஜாக்கிரதை.

பெரியம்மா வாசல் வேப்பிலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையை மறுபடி இழுத்து, இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வெளிச்சத்துல பாத்தா அம்மையாட்டம் தெரியிலயே" என்றார்.

அவரே வேப்பிலையை உருவி ஆட்டுக்குப் போட்டார். ஆத்தா வந்த வேகத்தில் கிளம்பிவிட்டாள், பாவம், ஒரு வாய் கூழ்கூடக் குடிக்கவில்லை. அன்று மத்தியானமே ரசத்தில் தாளிப்பு மணந்தது.

அம்மை இல்லையென்றால் அக்கி. இதுவும் பெரியம்மா சொன்னதுதான். அக்கி எழுதுகிற ஒரு பெரியவரை ஆட்டோவில் வைத்துக் கூட்டிவந்தார்கள். அவர் காவிக்கல்லை உரைத்துக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, என் கைகளிலும் முதுகிலும் செக்கச்செவேல் என்று எழுதினார். சிங்கம் என்றார்கள். பார்த்தால் பூனை மாதிரி இருந்தது. இந்தக் கோலத்தில் நான் இருக்கும்போதுதான் பெண் வீட்டார் வந்து சேர்ந்தார்கள். என்னைத் தீவனம் வைக்கும் பின்னறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் கேட்டது. மாமன்காரர் தென்னைக்கு என்ன உரம் என்று கேட்டார். பிறகு ஒரு பெண் குரல், பெண்ணின் அம்மா. "மாப்பளைக்கு அக்கா ஒருத்தங்க இருக்கறாங்கல்ல, அவிய எங்கீங்க?"

"வேலைக்குப் போயிருக்குதுங்க. லீவே குடுக்க மாட்டீங்கறாங்க" என்றார் பெரியம்மா.

பருத்திக்கொட்டை மூட்டையில் சாய்ந்துகொண்டு நான் அதைக் கேட்டேன். சொந்த வீட்டில் ஒளிந்துகொண்டிருப்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காவியைக் கழுவிவிட்டு வேலைக்குப் போனேன். சரியாகப் போகவில்லை, கையெல்லாம் இளஞ்சிவப்பாக ஒரு சாயம். கேன்டீனில் நான் உட்கார்ந்த மேஜை மரியாதையாகக் காலியானது. தேவிகுளம் எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்து இங்கே வேலைக்கு வந்த ஒருத்தி மட்டும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"என்னக்கா இது கூத்து? இத்தன பேரு பாத்தாங்கங்கீய, ஒரு டாக்டராச்சும் பாத்தாரா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

பாலக்காட்டில் தோல் டாக்டர் ஒருவரிடம் தம்பி பைக்கில் கூட்டிப் போனான். மலையாளத்து அம்மா, பேச்சில் பாதித் தமிழ். கையைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முதலில் ஒன்று பெரிதாக வந்ததா என்று கேட்டார். விலாவைக் காட்டினேன். எதையோ கண்டுபிடித்த குழந்தைபோல் அவர் முகம் மலர்ந்தது.

"பிட்டிரியாசிஸ் ரோசியா" என்றார். முதலில் ஒரு பெரிய தடிப்பு, ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சின்னச் சின்னதாய் நிறைய, முதுகில் தென்னங்கீற்றுபோல இருபுறமும் சரிந்து நிற்கும். நிறையப் பேருக்கு வருவதுதான், பெயர்தான் யாருக்கும் தெரியாது. "பேடிக்கண்ட. அது தன்னே பொய்க்கோளும்." பயப்பட வேண்டாம், தானே போய்விடும்.

தம்பிக்கு அது போதவில்லை. "ஊசி ஏதாச்சும் போடறீங்களா டாக்டர்?"

"வேண்ட."

"மாத்தரைங்க?"

"வேண்ட."

"பத்தியமாச்சும் சொல்லுங்க. கத்திரிக்கா, கருவாடு..."

"எல்லாம் திங்கட்டும். ரொம்பச் சூடு வெள்ளத்துல குளிக்க வேண்ட, சோப்பு கொறைக்கணும். அரிச்சா இந்த லோஷன்."

"ஒட்டுமுங்களா?"

"ஒட்டாது. கல்யாணத்துக்குத் தாராளமாப் போகட்டும்." எத்தனை நாளில் போகும் என்று நான் கேட்டேன். இரண்டு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும், சிலருக்குக் கொஞ்சம் கூட இழுக்கும் என்றார். அப்போதும் போகாவிட்டால் வந்து காட்டச் சொன்னார்.

வெளியே வந்ததும் தம்பிக்கு ஒரே ஆற்றாமை. "இதுக்குப் போயி ஃபீஸாக்கா? ஒண்ணுமே பண்ணுலியே அந்தம்மா!" ஒரு ஊசியாவது போட்டிருந்தால் அவன் நிம்மதியாக வண்டியோட்டியிருப்பான். எனக்கோ காற்றில் பறப்பதுபோல இருந்தது. ஒன்றுமில்லை என்று படித்த ஒருவர் வாயால் கேட்பதற்கு அந்த ஃபீஸைப்போல இன்னொரு பங்கு கொடுத்திருப்பேன்.

வீட்டில் பெரியம்மா காத்திருந்தார். தம்பி நோயின் பெயரைச் சொல்ல முயன்று பாதியில் விட்டான். "பேரே இத்தன நீளமா இருக்குது, இது சின்னச் சீக்கா இருக்குமா?" என்று அம்மா வயிற்றில் கைவைத்துக்கொண்டாள். தானே போய்விடும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "தானாப் போறதுக்கு அது என்ன விருந்தாளியா?" என்றார் பெரியம்மா.

ஆனால் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் கவனித்தேன். அதன் அர்த்தம் அந்த ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் கூடியபோதுதான் புரிந்தது. அம்மை என்று சொன்னால் கல்யாணமே தள்ளிப்போகும், மண்டபத்து அட்வான்ஸும் போகும். ஒன்றுமில்லை என்று சொன்னால் நான் மணவறையில் உட்காருவேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வியாதி வேண்டியிருந்தது. கல்யாணத்தைத் தொந்தரவு செய்யக்கூடாது, என்னை மட்டும் தொந்தரவு செய்ய வேண்டும். அப்படி அளவெடுத்துத் தைத்ததுபோல ஒன்றை, வாயில் நுழையாத பெயரோடு, டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். வாழாமல் வந்தவள் என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாருக்கும் என் மேல் அன்பாக இருக்கலாம்.

இருந்தார்கள். "பாவம், ஒடம்புக்கு ஆகாம இருக்கறவளப் போயி அந்தப் பொகையிலயும் லைட்டுலயும் உக்கார வெக்கறதாக்கும்?" என்றாள் முன்பு இழுத்த அதே பங்காளி வீட்டுப் பெண். குரல் தழுதழுத்தது. பட்டு உரசினால் இன்னும் பரவும் என்றார் ஒருவர். ஃபோட்டோவில் தெரியுமே, நாளைக்கு இவளுக்குத்தானே வருத்தம் என்றார் இன்னொருவர். எல்லாருக்கும் கோயம்புத்தூர்க்காரியின் பெயர் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது. எவ்வளவு கருணை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டாக்டர் தாராளமா உக்காரலாம்னுதான் சொன்னாங்க" என்றேன்.

எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் தரையில் கிடந்த ஒரு தேங்காய் நாரை எடுத்து முறுக்கிக்கொண்டிருந்தான். "கலியாணத்துக்குள்ள போயிருச்சுன்னா அக்கா உக்காரட்டும். போகுலீனா அவ உக்காரட்டும்" என்றான். நியாயமாகப் பேசியதாக எல்லாரும் தலையாட்டினார்கள். பெரியம்மாவும்தான். அது போகாது என்று அவர் உறுதியாக இருந்தார்.

மார்கழி முழுக்க எனக்கு ஒரே வேலை. குளித்துவிட்டு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். இளைய வயதில்கூட நான் இவ்வளவு கண்ணாடி பார்த்ததில்லை. முதலில் வயிற்றில் மங்கியது. பிறகு கைகளில். முதுகு மட்டும் பிடிவாதமாக இருந்தது. சில நாள் நேற்றைவிட அதிகமாகத் தெரியும். சூடு தண்ணீரை விட்டேன், சோப்பை விட்டேன், லோஷனைப் பூசினேன். எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இது ஒன்றுமில்லாத வியாதி, இதற்கென்று வேண்டுதல் கிடையாது.

பொங்கலுக்கு மாட்டுக்கொம்புக்கு வர்ணம் அடிக்கிற சமயத்தில் உடம்பு சுத்தமாகிவிட்டது. கடைசிக் கீற்றும் போய்விட்டதை அம்மாவை வைத்தும் பார்த்து உறுதி செய்துகொண்டேன். சின்னப் பிள்ளைபோல வீடு முழுக்கச் சுற்றி வந்தேன்.

உடனே எல்லாரும் தத்தம் மருந்துக்குப் பட்டம் கட்டிக்கொண்டார்கள். மருந்துக் கடைக்காரர், "நான் அன்னிக்கே சொன்னனல்லங்க" என்றார். அக்கி எழுதியவர் தம் சிங்கம் தோற்றதே இல்லை என்று சொல்லி அனுப்பினார். பூரான்காரர் பூரான் விஷம் இறங்க அவ்வளவு நாள் ஆகும் என்று குழுவில் விளக்கினார். டாக்டர் ஒருவர்தான் ஒன்றும் செய்யவில்லை, ஆகவே அவருக்கு ஒரு பெருமையும் கிடைக்கவில்லை.

பெரியம்மா பார்வையிட வந்தார். கையைத் திருப்பினார், கழுத்தைப் பார்த்தார், முதுகில் விரலை ஓட்டினார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு பெரியமனுஷிக்கு அப்படி ஓர் ஏமாற்றத்தைத் தந்ததற்கு எனக்கே சங்கடமாக இருந்தது. "வெளிய போயிருச்சு. உள்ள இருக்குமாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் போனார்.

நான் சேலைக்குப் பொருத்தமாக ரவிக்கை தைக்கக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு, காலையில் மோட்டார் ரூம் பக்கம் கீரை பறித்துக்கொண்டிருந்தேன். தம்பி மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து வாய்க்கால் கரையில் நின்றான். தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இன்னுங் கொஞ்சம் இருக்குதுன்னே சொல்லிரலாமுங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எது?"

"அதான்... ஒடம்புக்கு வந்தது."

கீரையைக் கீழே வைத்தேன். அவன் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினான். நான் உட்கார்ந்தால் மணவறைப் பக்கமே வரமாட்டோம் என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்களாம். நான் பிரிந்து வந்த விஷயம் பெண் வீட்டார் காதுக்கும் போயிருக்கிறதாம். மாமன்காரர் ஏதோ கேட்டதாகப் பெரியம்மா சொன்னாராம். "இதும் போச்சுன்னா எனக்கு இனி ஆருக்கா பொண்ணு குடுப்பாங்க? ரெண்டே நாளைக்குத்தான். ஆரும் உன்னைய ஒண்ணும் தப்பாப் பேசமாட்டாங்க. சீக்குன்னா பாவம்னுதான சொல்லுவாங்க."

அவன் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் வலித்தது. இத்தனை நாள் அந்தத் தடிப்பு போக வேண்டும் என்று நான் கண்ணாடி முன்னால் நின்றேன், அது இருக்க வேண்டும் என்று இவன் வேண்டிக்கொண்டிருந்தான். ஒரு கை மண்ணை அள்ளி மூஞ்சியில் எறியலாம் போலிருந்தது. நாற்பதை நெருங்கும் முகம், வெயிலில் கறுத்து, பயந்துபோய் நின்றது. எறிய முடியவில்லை.

"செரி" என்றேன்.

தையல்காரரிடம் போய் ரவிக்கைக்குக் கை நீளமாக வைக்கச் சொன்னேன். இல்லாத தடிப்பை மறைக்க முழுக்கை ரவிக்கை தைத்துக்கொண்ட ஒருத்தி இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

மண்டபத்தில் இணைச்சீர் நடந்தது. பெரியப்பா மகள் பட்டுக் கட்டி, என் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சேலை முனையைப் பிடித்துக்கொண்டாள். ஃபோட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோதெல்லாம் சிரித்தாள். சீர் நடத்தும் அருமைக்காரர் கூடப்பிறந்தவளின் பெருமையை ராகம் போட்டுச் சொன்னார். நான் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, ஒரு முழம் தள்ளி நின்று, "இப்பத் தேவலைங்களா?" என்று கேட்டார்கள். "இன்னும் இருக்குதுங்க" என்றேன். கொடுத்த வாக்குக்கு ஒரு இடத்திலும் குறை வைக்கவில்லை. சிலரிடம் லேசாகச் சொறிந்தும் காட்டினேன்.

சீர் முடிந்து தம்பி மாலையோடு பெரியவர்களைக் கும்பிட இறங்கி வந்தான். பெரியம்மா கூடவே வந்தார். அதே சமயம் எதிர்ப்பக்கத்திலிருந்து பெண்ணின் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து குரலை மட்டும் கேட்டிருந்த அந்த அம்மா. ஒரு முழமெல்லாம் தள்ளி நிற்கவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, எம்புள்ள உங்களையேதான் கேட்டுட்டிருந்தா. அவ நங்கையா நீங்கதான் உக்காருவீங்கன்னு சேலைகூட உங்க நெறத்துக்குப் பாத்துத்தான் எடுத்தோம். இப்பிடி ஆயிப் போச்சே. இன்னும் போகுலீங்களா?"

"இன்னும் இருக்குதுங்க" என்றேன்.

"எங்க, பாக்கட்டும்" என்று ரவிக்கைக் கையை உரிமையோடு மேலே தள்ளினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண்டபத்து விளக்கெல்லாம் என் கைமேல்தான் அடித்தது.

"எங்கீங்க? ஒண்ணையுங் காணமே?"

தம்பி மாலையோடு எங்கள் முன்னால் நின்றிருந்தான்.

"உங்க மாப்பளையக் கேளுங்க" என்றேன்.

பெரியம்மா சத்தம் போட்டு எல்லாரையும் பந்திக்குக் கூப்பிட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. அந்த அம்மா என் கையை விடாமல், தலையை நிமிர்த்தி, அவன் பதிலுக்காகக் காத்திருந்தார்.